பதினைந்து காலடி தூரம்

எனக்குக் கோபம் வந்தால் மனிதர்களோடு பேசமாட்டேன். ஏதாவது ஒரு சாமானை எடுத்து வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவேன். கடந்த நான்கு வருடமாக அந்தச் சாமான் ஒரு பழைய லென்ஸ். முந்நூறு மில்லிமீட்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும். ஆனால் ஃபோகஸை நாம்தான் கையால் திருக வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் ஒரு சீனப் பெரியவரிடம் வாங்கினேன். கனம் அதிகம், கை வலிக்கும் என்று மலாயில் எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தார். கை வலியோடு போயிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அழைப்பு. எழுத்து மங்கலாக விழுந்தால் எனக்குப் பொறுக்காது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மெஷின் ஓட்டுகிறவரிடம் சண்டைக்குப் போவேன். அதே வியாதியைத்தான் லென்ஸிடமும் கொண்டுபோனேன்.

முதல் ஆறு மாதம் எடுத்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை. புது டிஜிட்டல் கேமராவுக்கும் இந்தக் கிழட்டு லென்ஸுக்கும் நடுவில் ஓர் இரும்பு வளையத்தைப் போட்டு மாட்டியிருந்தேன். தன் மூக்கில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்கே தெரியாது. ஃபோகஸ் பிடித்த இடத்தில் திரையில் சிவப்புக் கோடு மினுக்கும் ஒரு வசதி உண்டு. அதை நம்பி எடுத்தால் கண் மங்கலாக இருக்கும், காது பளிச்சென்று இருக்கும். சரி, கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் வசதியாவது இருக்கிறதே என்று பார்த்தால், அதற்கு லென்ஸின் அளவை நாமே எண்ணாகப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். முன்பு மாட்டியிருந்த சின்ன லென்ஸின் ஐம்பதை நான் மாற்றாமலே விட்டிருந்தேன். மூன்று மாதம் அந்த லென்ஸைத் திட்டிய திட்டு எல்லாம் எனக்கே சேர வேண்டியது.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சிவப்புக் கோட்டை நம்பாமல் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் திருக வேண்டும். மூச்சை விட்டு முடித்த நொடியில் அழுத்த வேண்டும். ஒற்றைக்கால் ஸ்டாண்டு இல்லாமல் கிளம்பக்கூடாது. பத்து மணிக்கு மேல் தார் ரோடு காய்ந்துவிட்டால் காற்றே நெளியும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் தெளிவு வராது. நடந்து வருகிறவரைத் துரத்தித் துரத்தித் திருகினால் ஒன்றும் கிடைக்காது. ரோட்டில் ஓர் இடத்துக்கு ஃபோகஸை வைத்துவிட்டு, ஆள் அங்கே வந்து சேரும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும். கடைசியாக, லென்ஸின் வாயைச் சுருக்க வேண்டும். முழுதாகத் திறந்து வைத்தால் ஒரு முகம் மட்டும் தெரியும், அதுவும் சவசவவென்று. முன்னும் பின்னும் கரைந்துபோகும். வளையத்தைப் பதினாறாம் எண்ணுக்குத் திருப்பிச் சுருக்கிவிட்டால் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் எல்லாருமே கத்தி மாதிரி வருவார்கள். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் அந்தப் பதினாறை விட்டு நகர்ந்ததே இல்லை.

என் தங்கை கிள்ளானில் இருந்தாள். அவள் புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை ஒரு கும்பலோடு சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எல்லாருக்கும் ஒரே கறுப்புச் சட்டை, சட்டையில் ஒரே எண், ஒருவனுக்கு அடி விழுந்தால் பத்துப் பேர் கிளம்புவார்கள். ஒரு நாள் போலீஸ் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது. அவர் உள்ளே இருந்தபோதுதான் மூத்தவள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அப்பன் பெயர் கேட்டபோது பக்கத்தில் நின்றவன் நான்தான்.

அவர் வெளியே வந்த அன்று தங்கை அவரை வீட்டுக்குள் விடவில்லை. நேராக அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. இன்னொரு தடவ அவனுங்க பக்கத்துல ஒங்கள நான் பார்த்தேன்னா, பிள்ளையத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். அப்புறம் யாரும் சமாதானம் பேச வரக்கூடாது."

அவர் எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தார். கை கொப்பளித்துப் போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த வார்த்தை நின்றது. இரண்டாவதும் பிறந்தது. பழைய வேன் ஒன்றை வாங்கித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். ஆடி மாதம் தவறாமல் அதே அம்மனுக்குப் பால்குடம் எடுத்தார். ஆனாலும் எனக்கு அவர்மேல் பழைய கடுப்பு ஒரு மூலையில் கிடந்துகொண்டேதான் இருந்தது. அதை மறைத்துவிட்டு இதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

போன வருடம் ஆடித் திருவிழா அன்று தங்கைக்குக் கோயிலுக்கு வரக்கூடாத நாள். முதல் நாளே போன் செய்தாள்.

"அண்ணே, ஒங்க பெரிய லென்ஸ எடுத்துட்டு வாங்கண்ணே. அவர் குடம் தூக்கிட்டு வர்றத நல்லா ஒன்னு எடுத்துக் குடுங்க. ஹால்ல மாட்டணும்."

நான் புச்சோங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து விடியலில் கிளம்பிவிட்டேன். ஊர்வலம் திரும்பும் வளைவில் ரோட்டோரமாக முழங்காலிட்டு உட்கார்ந்தேன். தாழ்வாக இருந்து எடுத்தால்தான் தலையிலிருக்கும் குடம் உயரமாகத் தெரியும். முன்னால் நாற்பது மீட்டரில் ஒரு சாக்கடை மூடி. அதன் விளிம்புக்கு ஃபோகஸை வைத்தேன். வளையத்தைப் பதினாறுக்குத் திருப்பினேன். வெயில் நன்றாக இருந்தது, தார் இன்னும் சூடேறவில்லை. இதைவிடச் சரியான காலை எனக்கு அமைந்ததே இல்லை.

மாப்பிள்ளை மஞ்சள் வேட்டியில் வந்தார். சாக்கடை மூடியை அவர் நெருங்கும்போது மூச்சை விட்டேன், அழுத்தினேன். ஒன்பது படம். பின்னால் உறுமி மேளம் அதிர்வது காதில் விழுந்தது. அடிப்பது யார் என்று நான் பார்க்கவில்லை. ஒரு கண் மூடியிருந்தது, மறு கண் அவருடைய இமையில் இருந்தது. அவர் என்னைத் தாண்டிப் போனதும், நான் குனிந்து திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஊர்வலத்தின் மிச்சம் என் தலைக்கு மேலேயே போனது.

ஆறாவது படம். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். கன்னத்தில் வழிந்த பால், நெற்றித் திருநீற்றில் வெடிப்பு, எல்லாம். அவருக்குப் பின்னால் கறுப்புச் சட்டையில் ஏழெட்டுப் பேர். அந்தக் கறுப்பில் வெள்ளிக் குடம் எப்படி எடுபடுகிறது பார் என்றுதான் நான் சந்தோஷப்பட்டேன். சட்டையில் இருந்த எண்ணும் தெளிவாகத்தான் இருந்தது. அவர் இடது தோளுக்கு மேலே யாரோ ஒருவனின் நான்கு விரல்களும் தெளிவாக இருந்தன. பார்க்கிறவருக்கு, அவன் பின்னாலிருந்து தோளில் கை போட்டிருக்கிறான்.

நான் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கோயில் குழுவிலும் போட்டேன். கீழே எழுத வேறு செய்தேன்: 'முந்நூறு எம்எம், கையால் ஃபோகஸ். ஷார்ப்பைப் பாருங்கள்.'

கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. தங்கையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பார்த்துவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு டாக்சி நின்றது. இரண்டு பிள்ளைகளோடும் ஒரு துணிப் பையோடும் இறங்கினாள். என் மனைவி ஓடிப்போய்ப் பையை வாங்கினாள்.

"என்னம்மா?" என்றேன்.

"நீங்க எடுத்த படத்த நீங்களே பார்க்கலியா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. எட்டு வருடமாக எங்களை ஏமாற்றியிருக்கிறான் என்று ஒருமையில்தான் மனம் போனது. மாப்பிள்ளை போன் செய்தபோது எடுத்தேன்.

"மச்சான், நான் அவனுங்ககூட நிக்கல. அவனுங்க ரொம்பப் பின்னாடி வந்தானுங்க. திரும்பிக்கூடப் பார்க்கல நான்."

"தோள்ல கை போட்டிருக்கான் மாப்ள. வெரல எண்ணலாம் போலிருக்கு."

"எவனும் என் மேல கை வைக்கல மச்சான். வேணும்னா வந்து இன்னொரு தடவ கற்பூரம் அடிக்கிறேன்."

"ஏற்கெனவே அடிச்சது என்னாச்சு?" என்று கேட்டேன். "படம் என்ன, பொய்யா சொல்லுது?"

"நீங்களும் அங்கதானே மச்சான் இருந்தீங்க," என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நான் அங்கே இருந்தேன். நாற்பது மீட்டருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஆனால் நான் பார்த்தது ஒரு கண்ணிமை. அவருக்குப் பின்னால் ரோட்டில் என்ன இருந்தது என்று என்னைக் கோர்ட்டில் ஏற்றிக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

கோயில் குழுவிலிருந்து படம் வேறு குழுக்களுக்குப் போனது. அவர் வேனில் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பாதிப்பேர் அதே கோயில் ஆட்கள். முதல் வாரம் நான்கு பிள்ளைகள் வருவது நின்றது, மாதக் கடைசிக்குள் வேனே காலி. யாரும் அவரிடம் உண்மையான காரணம் சொல்லவில்லையாம். தாத்தா கூட்டிட்டுப் போறாராம், மாமா கூட்டிட்டுப் போறாராம் என்று அனுப்பிவிட்டார்கள். கோயிலில் அடுத்த வருடம் குடம் வேண்டாம் என்று நயமாகச் சொன்னார்கள். இதெல்லாம் என் காதுக்கு வந்தது. வந்தபோது, நல்லா வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றைக்கும் எனக்கு நானே ஓர் அறை கொடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூத்தவள் தினமும் கேட்பாள், "மாமா, அப்பா எப்ப வருவாரு?" தங்கை அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். நான் லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பேன்.

இரண்டு மாதம் கழித்துக் கோயில்காரர்கள் திருவிழா மலர் அடிக்க எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தார்கள். ஊர்ப்பட்ட ஆட்கள் போனில் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து தேறுவதைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கடைப் படியில் நின்று பக்கவாட்டில் எடுத்த வீடியோ. ஆடி ஆடி எடுத்திருந்தார், எதுவுமே தெளிவில்லை. அதில் மாப்பிள்ளை இடமிருந்து வலமாக நடந்து போகிறார். சாக்கடை மூடியை மிதிக்கிறார். அவருக்குப் பின்னால் வெறும் ரோடு. நசுங்கிய எலுமிச்சம் பழம் இரண்டு கிடக்கிறது. இன்னும் வெறும் ரோடு. அப்புறம் ஒரு மின்கம்பம், அங்கேதான் கறுப்புச் சட்டைகள். அதில் ஒருவன் மேளத்துக்குக் கையைத் தூக்கித் தூக்கி ஆடுகிறான்.

நான் அதைப் பத்துப் பதினைந்து தடவை ஓட்டினேன். என் நாற்காலிக்கு மேலே சுவரில் நான் எடுத்த இன்னொரு படம் பிரேமில் தொங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளின் முதுகில் இரட்டைக் கோபுரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் எத்தனையோ தெரு, ஆறு, ரயில் பாதை இருக்கிறது. படத்தில் ஒன்றும் இருக்காது. வருகிறவர்களிடம் எல்லாம், "இந்த மாதிரி லென்ஸ் இருக்கே அங்கிள், நடுவுல உள்ள தூரத்த அப்படியே முழுங்கிரும்," என்று நான்தான் பீற்றிக்கொள்வேன். கட்டட விஷயத்தில் தெரிந்தது மனிதர் விஷயத்தில் எனக்குத் தெரியாமல் போயிற்று. அன்றைக்கு வளையத்தைத் திறந்து வைத்து எடுத்திருந்தால்கூட அந்த ஏழெட்டுப் பேரும் வெறும் கறுப்புக் கறையாகக் கரைந்திருப்பார்கள். எண்ணும் தெரிந்திருக்காது, விரலும் தெரிந்திருக்காது. நான் அரைகுறையாகக் கற்றுக்கொண்டிருந்தால் என் தங்கை குடும்பம் பிழைத்திருக்கும்.

அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு நேராகக் கிள்ளானுக்குப் போனேன். சாக்கடை மூடியிலிருந்து, வீடியோவில் கறுப்புச் சட்டைக்காரர்கள் நின்ற மின்கம்பம்வரை நடந்து பார்த்தேன். பதினைந்து காலடி. நம்பாமல் திரும்பவும் நடந்தேன். லோரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் வீடியோவைக் காட்டினேன். நடந்து பார்த்ததையும் சொன்னேன். அவள் போனை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"அவர் சொன்னத நான் கேக்கவே இல்லண்ணே," என்றாள். "எத்தன தடவ போன் பண்ணாரு."

"நானே கேக்கலியேம்மா. நான் அங்கயே இருந்தவன்."

"நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வாங்க. நான் வரமாட்டேன், எனக்கு மூஞ்சி இல்ல. நீங்க எடுத்த படம், நீங்களே போய்ச் சொல்லுங்க. நாங்க ரெடியா இருக்கோம்."

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவள் பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். துணிப் பை கட்டி வைத்திருந்தது. மூத்தவள் செருப்பைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

கிள்ளான் வீடு பூட்டியிருந்தது. வேன் இல்லை, விற்றுவிட்டாராம். பக்கத்து வீட்டு ஆன்டி, காடி, அதாவது கார், கழுவுகிற இடத்தில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். அந்த இடம் யாருடையது என்று எனக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும்.

மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். ஐந்தாறு ஆட்கள் தகரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். மாப்பிள்ளை ஒரு காடியின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கறுப்புச் சட்டை. என்னைப் பார்த்ததும் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வந்தார்.

"வாங்க மச்சான். சாப்பிட்டீங்களா?"

நான் போனை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கடை மூடி, மின்கம்பம், பதினைந்து காலடி. தப்பு என்னுடையது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் யாரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அவர் வீடியோவை முழுவதும் பார்த்தார். "பதினஞ்சா?" என்றார். "நான் அதுக்கு மேல இருக்கும்னு நெனச்சேன்."

"பிள்ளைங்க ரெடியா இருக்குங்க மாப்ள. பெரியவ செருப்பு போட்டு உக்காந்திருக்கா. வாங்க, போவோம்."

அவர் முகம் அப்போதுதான் ஆடியது. பிறகு ஒருவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் வந்து பக்கத்தில் நின்றான், என்ன விஷயம் என்பதுபோல இவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"வேன் போச்சு. கோயில் போச்சு. வீட்டுல வெளக்கு போடக்கூட ஆளில்ல," என்றார் மாப்பிள்ளை. குரலை உயர்த்தவே இல்லை. "ஒருத்தரும் வாசப்படி ஏறல மச்சான். நீங்களும் ஏறல. இவனுங்கதான் சோறு தப்பாவ் பண்ணி, பொட்டலமா கட்டிக் கொண்டாந்து குடுத்தானுங்க. நாலு நாள் வேணாம்னு சொன்னேன். அஞ்சாம் நாள் தின்னுட்டேன்."

"அதெல்லாம் விட்டுட்டு வாங்க மாப்ள."

"இப்ப விட்டுட்டு வரமுடியாது. வந்துட்டா முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" தோளில் இருந்த கையைக் கண்ணால் காட்டினார். "அவகிட்ட நான் பண்ண சத்தியம் அன்னிக்கு ஒடையல மச்சான். இப்பத்தான் ஒடஞ்சுச்சு. அவ கேட்டான்னா அப்படியே சொல்லுங்க. பிள்ளைங்ககிட்ட வேற ஏதாச்சும் சொல்லிக்கலாம்."

புச்சோங் திரும்பும் வழியில் எங்கேயோ காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். தங்கையிடம் பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வேலைக்காக ரவாங் போயிருக்கிறார், ஒரு மாதத்தில் வருவார் என்று சொல்லலாம். எவ்வளவோ யோசித்தேன்.

கதவைத் திறந்தவள் தங்கைதான். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. மூத்தவள் சோபாவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"அவரப் பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தேன்."

"யாரோட இருந்தாரு?"

நான் சொன்னேன். எவ்வளவு பக்கத்தில் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

அவள் குனிந்து மகளின் செருப்பைக் கழற்றினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய், பிள்ளைகளின் துணியை அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.